கேள்வி-பதில்: பஃபர் மீனும் நம்மூர்த் தண்ணீரும்

கடலோரத்துக்காரர்கள் பேத்தை என்று சொல்லும் பஃபர் மீனின் குட்டி வகைகள் இப்போது வேலூர் பக்கம் வீடுகளுக்கு வந்துவிட்டன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான்.

பச்சை உடம்பில் கரும்புள்ளி போட்ட பஃபர், ஜோடி 600 ரூபாய். நல்ல தண்ணீர் மீன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இருபது நாளில் வயிறு கறுத்து மூலையில் ஒதுங்கின. ஒன்று செத்துவிட்டது. கடையில் கேட்டால், விற்ற மீனுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். (குடியாத்தம்)

உங்கள் மேல் தப்பில்லை. இதே மீனை இதே பொய்யைக் கேட்டு நானும் வாங்கியிருக்கிறேன். ஐந்து மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது, அதற்குள் இரண்டுமே போய்விட்டன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இது கழிமுகத்து மீன். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் வாழ்வது. குட்டியில் நல்ல தண்ணீரைக் கொஞ்ச நாள் தாங்கும், அந்தக் கொஞ்ச நாளை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. வளர்ந்தால் 15 செ.மீ. வரும். ஒரு மீனுக்கே நூறு லிட்டருக்கு மேல் தொட்டி வேண்டும். இவ்வளவும் தெரிந்தே விரல்நீளக் குட்டியை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

மிச்சமிருப்பதைக் காப்பாற்றப் பாருங்கள். சமையல் உப்பும் கல் உப்பும் உதவாது, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சேர்ந்த கடல் மீன் தொட்டி உப்பு வேண்டும். தண்ணீரில் உப்பு ஏற ஏற அடர்த்தி எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் ஹைட்ரோமீட்டரும் ஒன்று வாங்குங்கள். உப்பை வாளியில் கரைத்து, தண்ணீர் மாற்றும்போது மட்டும் சேர்த்து, ஹைட்ரோமீட்டர் எண்ணை வாரத்துக்கு 0.002 என்ற கணக்கில் 1.005 வரை ஏற்றுங்கள். லிட்டருக்கு உத்தேசமாக 7, 8 கிராம் வரும். வளர வளர இன்னும் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் கொட்டினால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

பணத்தையும் விடாதீர்கள். பொய்யான விவரம் சொல்லி விற்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஒன்றை விட்டு மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகத் தரலாமா? (ஆற்காடு)

கூடாது.

எங்கள் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு (டிடிஎஸ்) 1200, கார அமில அளவு (பி.ஹெச்.) 8.2. பட்டாணி பஃபர் என்ற குட்டி வகையை வளர்க்க பி.ஹெச். குறைக்கும் திரவம் வாங்கலாமா? (காட்பாடி)

வாங்காதீர்கள். நான் 350 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கினேன். ராத்திரி ஊற்றினால் இறங்கும், காலையில் பார்த்தால் பழையபடி ஏறியிருக்கும். நம் கடினத் தண்ணீரில் இருக்கும் கார்பனேட் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வாட்டும். ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு முறையும் அதே அளவில் மாற்றுங்கள். பட்டாணி பஃபர் கேரளத்து ஆறுகளின் மீன், அதற்கு உப்பே வேண்டாம்.

தொட்டி, ஃபில்டர், நான்கு பட்டாணி பஃபர் எல்லாம் ஒரே நாளில் வாங்கினேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தும் நான்கு நாளில் எல்லாம் காலி. கடைக்காரர் மேல் புகார் தரலாமா? (சத்துவாச்சாரி)

எதற்குப் புகார்? ஒரு கேள்வியாவது கேட்டு வாங்கினீர்களா? மீன் கழிவில் வரும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் ஊற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன். செதில் இல்லாத பஃபருக்கு இது இன்னும் முக்கியம். பி.ஹெச். ஏற ஏற, வெயில் ஏற ஏற அம்மோனியாவின் விஷமும் ஏறும். நம்மூரில் இரண்டும் உண்டு.

கப்பி மீன்களோடு விடலாமா? (ஆம்பூர்)

வேண்டாம். வாலைக் கடித்துக் குதறிவிடும்.

நான் பத்தாம் வகுப்பு. என் பஃபருக்குப் பல் நீண்டு வாயை மூட முடியவில்லை. பெல்லட் போட்டால் துப்புகிறது. (ராணிப்பேட்டை)

தம்பி, கவனித்து எழுதியதற்குச் சந்தோஷம். அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நத்தை ஓடு மாதிரி கெட்டியானதைக் கடித்தால்தான் தேயும். சின்ன நத்தையைத் தனி டப்பாவில் வளர்த்து, ஓட்டோடு போடு. வயல் நத்தை வேண்டாம், பூச்சிமருந்து இருக்கும். இப்போதே சாப்பிட முடியாத அளவு நீண்டிருந்தால் நீயே வெட்டப் பார்க்காதே, மீன் வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அப்பாவோடு போ.

கடையில் நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாலாஜா)

அவசரமில்லாத நேரத்தில் போய் ஐந்து நிமிடம் தொட்டி முன் நில்லுங்கள். நல்ல பஃபர் நின்ற இடத்திலேயே துடுப்பை அடித்துக்கொண்டு, ஒரு கண்ணை உங்கள் பக்கமும் இன்னொன்றை வேறு பக்கமுமாகச் சுழற்றிப் பார்க்கும். வயிறு உள்ளே ஒட்டியிருந்தால் குடலில் புழு இருக்கலாம். ஒரு ரத்தப்புழுவைப் போடச் சொல்லுங்கள், தின்றால் மட்டும் காசு கொடுங்கள். மீன் பலூன் மாதிரி உப்புவதைக் காட்டுகிறேன் என்று வலையில் தூக்கினால் அந்தக் கடையே வேண்டாம், காற்றை விழுங்கினால் வெளியேற்ற முடியாமல் செத்துப்போகும். அப்புறம், பில்லில் வெறுமனே ‘மீன் 2’ என்று போடவிடாமல் வகையின் பெயரை எழுதி வாங்குங்கள்.