கொழுப்பு ரிப்போர்ட்: வயதை எழுத மறந்தவர்களுக்கும் சேர்த்து

என் கொலஸ்ட்ரால் 218. பயப்பட வேண்டுமா?

யாருடைய 218? வயது இல்லை, ஆணா பெண்ணா என்று இல்லை, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இல்லை, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) இல்லை. எச்டிஎல் 70 உள்ள பெண்ணின் 218 வேறு. எச்டிஎல் 32 வைத்துக்கொண்டு சிகரெட்டும் பிடிக்கும் ஆணின் 218 வேறு. முழு ரிப்போர்ட்டையும் எழுதி அனுப்புங்கள்.

எனக்கும் மனைவிக்கும் எச்டிஎல் 44. எனக்குச் சரியாம், அவளுக்குக் குறைவாம். லேப்காரர் தப்பா?

லேப்காரர் சரி. ஆணுக்கு 40க்குக் கீழே, பெண்ணுக்கு 50க்குக் கீழே போனால் குறைவு.

வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடம். ஒல்லியான உடம்பு. வீட்டுக்காரருக்கு வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கிறோம். எனக்கும் தேவையா?

தேவை. இந்த வாரமே எடுங்கள்.

இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். கணவரின் பத்து வருட ரிப்போர்ட்டும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் தேதிவாரியாக இருக்கும். ஃபைலைக் கட்டைப்பையில் சுமந்து வருவது மனைவி. "போன தடவை எல்டிஎல் 132 டாக்டர்" என்று மனப்பாடமாகச் சொல்வதும் அவர்தான். "சரி, உங்களுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டால் "எனக்கென்ன டாக்டர்" என்று சிரிப்பார். கணவர் ஜன்னல் பக்கம் பார்ப்பார்.

இருபது முதல் நாற்பது சொச்சம் வரை எல்டிஎல் பொதுவாக ஆண்களுக்குத்தான் கூடுதல். ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்து அகற்றும் கல்லீரலுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கைகொடுப்பதால், அதுவரை பெண்களுக்கு ஒரு சலுகை. மாதவிடாய் நிற்கிற காலத்தை ஒட்டி அந்தச் சலுகை போய்விடும். ஓரிரு வருடத்தில் எல்டிஎல் பத்து சதவீதம், அதற்கு மேலும்கூட, ஏறலாம். ஐம்பதுகளின் நடுவில் பல பெண்கள் அதே வயது ஆண்களைத் தாண்டிவிடுகிறார்கள். மாரடைப்பு ஆம்பளை வியாதி என்ற பேச்சை நம்பி, ஏறுகிற நேரத்தில்தான் பார்க்காமல் விடுகிறோம். ஒல்லி என்பது ஒரு கேரண்டியும் இல்லை. கூடவே தைராய்டும் பாருங்கள். அது குறைந்தாலும் எல்டிஎல் ஏறும்.

மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பு) 230. எண்ணெயை நிறுத்திவிட்டோம்.

எண்ணெய் என்ன பாவம் செய்தது? கடைசி மாதங்களில் ட்ரைகிளிசரைடு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆவது இயல்பு. 500ஐத் தொட்டால்தான் அவசரம். பிரசவமாகி இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

எனக்கு 41 வயதில் மாரடைப்பு. பையனுக்கு 10 வயது. டெஸ்ட் எடுக்கலாமா?

அவசியம். இது நல்ல வயதும்கூட. பருவமடையும்போது கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கி, பிறகு ஏறும். பதினாலில் எடுத்துவிட்டு "நார்மல்" என்று ஏமாறாதீர்கள்.

அப்பாவுக்கு 78. மாத்திரை இல்லாமலே கொலஸ்ட்ரால் 200லிருந்து 140 ஆகிவிட்டது. சந்தோஷம்தானே?

எடையும் இறங்கியிருக்கிறதா? அதை எழுதவில்லையே. முதுமையில் கொஞ்சம் இறங்குவது உண்டு. இவ்வளவு இறங்கி, வேட்டியும் இடுப்பில் நிற்கவில்லை, சாப்பாடும் பிடிக்கவில்லை என்றால் உள்ளே வேறு நோய் இருக்கலாம். உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

மாத்திரையில் எல்டிஎல் 80க்கு வந்துவிட்டது. நிறுத்திவிட்டேன். சரிதானே?

80 ஆனதே மாத்திரையால்தான். நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? எழுதிக்கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். அப்புறம், நீங்களும் வயதை எழுதவில்லை.