எட்டு நாளில் ஏழு ஊரா? பல்கேரியா பயணம்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஹிசாரியா ஊரின் வெந்நீர்க் குழாய்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: என் மகன் பல்கேரியாவில் ப்ளோவ்டிவ் நகரில் ஆறு ஆண்டு மருத்துவம் படித்தான். அதைச் சாக்காக வைத்து மூன்று முறை போய், ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குக் குறையாமல் தங்கினேன். நான் பயண நிபுணர் அல்ல, வெறும் முழங்கால் வலிக்காரி. என் பதில்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் கணவரும் அறுபதைத் தாண்டியவர்கள். கையில் எட்டு நாள். சோஃபியா, ரிலா மடாலயம், மெல்னிக், ப்ளோவ்டிவ், ஹிசாரியா, வெலின்கிராட், கோப்ரிவ்ஷ்டிட்சா என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரியாக வருமா? – ஜே.வி.

வரும். எல்லாவற்றையும் வண்டி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ப்ளோவ்டிவ்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை உண்டு: 'அய்லியாக்'. அவசரமே இல்லாமல், அதற்காகக் கொஞ்சமும் கூச்சப்படாமல் இருப்பது. மகனின் வீட்டுக்காரப் பாட்டி ஒரு காப்பியை ஒன்றரை மணி நேரம் குடிப்பார். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அதனால் உங்கள் பட்டியலில் பேனாவை வைக்கிறேன், கோபிக்காதீர்கள். மெல்னிக் வேண்டாம், தென்மேற்கு மூலையில் தனியாகக் கிடக்கிறது. வெலின்கிராடும் இந்த முறை வேண்டாம். ரிலாவை அடிக்கும்போது மட்டும் கை கொஞ்சம் நடுங்கியது. ஆனாலும் அடித்துவிட்டேன்.

சோஃபியாவில் ஒரு இரவு போதும். பழைய பொதுக் குளியல் மாளிகை ஒன்று நகர நடுவில் இருக்கிறது, இப்போது நகர வரலாற்று அருங்காட்சியகம். அதன் அருகே தெருவிலேயே குழாய்களில் சூடான ஊற்றுநீர் வரும். ஆபீஸ் போகிறவர்கள்கூட நின்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். இந்த நாட்டை அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ப்ளோவ்டிவ்வில் இரண்டு இரவு. ரோமானியர்கள் காலத்தில் பிலிப்போபோலிஸ் என்று அழைக்கப்பட்ட ஊர். கி.பி. முதல் நூற்றாண்டு நாடக அரங்கம் பல நூற்றாண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1970களில்தான் வெளியே வந்தது. இன்றும் அங்கே கச்சேரி, ஓபரா நடக்கிறது. எந்தக் குலத்தார் எங்கே உட்கார வேண்டும் என்று பளிங்கு இருக்கைகளில் அன்றே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அரங்கத்துக்கு அடியில் குன்றைக் குடைந்து போட்ட சாலையில் கார்கள் ஓடுகின்றன. முதன்மைக் கடைவீதிக்குக் கீழே ஒரு முழு ரோமானிய விளையாட்டரங்கம் படுத்திருக்கிறது. அதன் வளைந்த முனை மட்டும் ஜுமாயா பள்ளிவாசலுக்கு எதிரே திறந்து கிடக்கும். மிச்சத்தின் மேல் நாம் செருப்பு வாங்கிக்கொண்டிருப்போம்.

மேலே பழைய ஊரில் 19ஆம் நூற்றாண்டு வணிகர்களின் வீடுகள். மாடிகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டு எதிர்வீட்டோடு பேச வருவதுபோல் நிற்கும். ஒன்றே ஒன்று பார்ப்பதானால் 1847இல் கட்டிய குயும்ஜியோக்லு வீட்டைப் பாருங்கள், இப்போது இனவியல் அருங்காட்சியகம். ஆனால் தெருக்கள் முழுக்க 'கல்டரம்', அதாவது உருண்டைக் கற்கள் பதித்த தரை. மழை பெய்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். அடி கனமான ஷூ இல்லாமல் உங்கள் கணவரை ஏற விடாதீர்கள்.

அப்புறம் ஹிசாரியாவில் மூன்று இரவு. ஏழாம் நாள் வாடகைக் கார் வைத்துக்கொண்டு சோஃபியா திரும்பும் வழியில் கோப்ரிவ்ஷ்டிட்சாவில் ஒரு இரவு தங்குங்கள். ரயிலை நம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் கார். அந்த ஊரின் ரயில் நிலையம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவில் தள்ளி இருக்கிறது. நினைவு இல்லங்களில் சில திங்களன்றும் சில செவ்வாயன்றும் மூடியிருக்கும், அந்த இரண்டு நாளையும் தவிருங்கள். உதுமானிய ஆட்சிக்கு எதிரான 1876 ஏப்ரல் கிளர்ச்சியின் முதல் வெடி அங்கே ஒரு சின்னக் கல்பாலத்தில் வெடித்தது. நான் எதிர்பார்த்ததைவிடப் பாலம் மிகச் சின்னது. என்னை அங்கே நிறுத்தியது வேறு. 1916இல் போர்முனையில் இறந்த டிம்சோ டெபெல்யானோவ் என்ற இளங்கவிஞரின் கல்லறையில், கன்னத்தில் கை வைத்து மகனுக்காகக் காத்திருக்கும் ஒரு தாயின் சிலை. மகனை வெளிநாட்டில் விட்டுவிட்டு இருந்த அந்த வருடங்களில் அதைப் பார்த்ததாலோ என்னவோ, கூட வந்தவர்கள் காரில் ஹாரன் அடிக்கும்வரை நான் நகரவில்லை.

ஹிசாரியா தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு குடிக்க வேண்டும்? என் மூட்டுவலி எத்தனை நாளில் போகும்? – எஸ்.ஆர்.

போகாது அம்மா. எனக்குப் போகவில்லை. ஆனால் அங்கே இருந்த நாட்களில் காலையில் படியிறங்கும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அது வெந்நீராலா, சமையல் வேலை இல்லாததாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஹிசாரியாவில் இருபதுக்கு மேற்பட்ட ஊற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூடு, ஒரு பெயர். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் பெயரால் டயோக்ளீஷியனோபோலிஸ் என்று விளங்கிய ஊர் அது. கல்லும் நடுநடுவே சிவப்புச் செங்கல் வரியுமாக அன்றைய மதில் இன்றும் நிற்கிறது. தெற்கு வாசலுக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒட்டகங்கள்'. மேல்வளைவு விழுந்துபோய் நின்ற காலத்தில், இரண்டு ஒட்டகங்கள் எதிரெதிரே நிற்பதுபோல் இருந்ததாம். மதிலுக்கு உள்ளே பூங்கா, பூங்காவில் குழாய்கள். காலையில் ஓய்வுபெற்றவர்கள் ஐந்து லிட்டர், பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை உருட்டுவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். கேனை 'டுபா' என்கிறார்கள். வரிசையில் நோய்க்கதை பேசுவது உலகப் பொது வழக்கம் போலும், மொழி புரியாமலேயே யாருக்கு எங்கே வலி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிறுநீரகக் கல்லுக்கும் வயிற்றுக்கும் அந்தத் தண்ணீரைக் குடிப்பது அங்கே பழைய வழக்கம். வெதுவெதுவென்று இருக்கும், கந்தக நாற்றம் இல்லை.

பயணி ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் குடிப்பதில் தவறில்லை. மருந்தாகக் குடிப்பதானால் எந்த ஊற்று, எவ்வளவு என்று மருத்துவர் சொல்ல வேண்டும். அங்கே இது அழகு நிலையச் சமாச்சாரம் இல்லை. வேலை செய்கிறவர்களை அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் இத்தகைய ஊர்களுக்குச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். பெரிய விடுதிகளில் மருத்துவர் உண்டு. முதலில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறக்குவார்.

நான் அவரைப் பார்க்காமல் இறங்கினேன். 'காசு கொடுத்திருக்கிறோமே' என்று முக்கால் மணி நேரம் சூடான தொட்டியில் கிடந்தேன். எழுந்தபோது கூரை சுற்றியது. இரண்டு பெண்கள் கையைப் பிடித்து உட்கார வைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் 'அய்ரன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம், வெளியே வந்து ஓய்வு, அதற்குமேல் பேராசை வேண்டாம். இதயக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இங்கேயே தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நீச்சலுடை கட்டாயமா? சேலை, சுடிதாரோடு இறங்க முடியாதா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம் என்ற வாசகி

பருத்தித் துணியோடு விட மாட்டார்கள். முழங்கால்வரை, முழங்கைவரை மூடும் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. அதைத்தான் நான் போட்டேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்குத் தொப்பி பல இடங்களில் கேட்பார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ஊர்ப் பொதுக் குளியலறைகள் வேறு கதை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், உள்ளே உடையில்லாமல் குளிப்பது வழக்கம். நான் ஒருமுறை கதவுவரை போய், ஒரு எண்பது வயதுப் பாட்டி கம்பீரமாக நடந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவருக்கு இல்லாத கூச்சம் எனக்கு.

விசா, பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள். – கே.எம்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான விசா. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா ஷெங்கனில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் நாணயம் யூரோ. நான் போன காலத்து லெவா இனிக் கடைகளில் செல்லாது. ஒரு யூரோவுக்கு 1.95583 லெவா என்ற நிலையான விகிதத்தில் மாறினார்கள். பழைய தாள் யாரிடமாவது இருந்தால் பல்கேரியத் தேசிய வங்கியில் மாற்றிக்கொள்ளலாம். என் கைப்பையில் இன்னும் சில தாள்கள் இருக்கின்றன, ஞாபகத்துக்கு.

மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா? தலையாட்டுவது அங்கே தலைகீழ் என்கிறார்களே? – டி.பி.

ப்ளோவ்டிவ் பஸ் நிலையத்தில் ஓட்டுநரிடம் "ஹிசாரியா?" என்று கேட்டேன். இடதும் வலதுமாகத் தலையை ஆட்டினார். சரி, இது இல்லை என்று இறங்கி நின்றேன். பஸ் போய்விட்டது. அதுதான் ஹிசாரியா பஸ். அங்கே பக்கவாட்டில் ஆட்டினால் ஆமாம், மேலும் கீழும் அசைத்தால் இல்லை. நம் வீட்டிலும் 'சரி சரி' என்று பக்கவாட்டில்தானே ஆட்டுகிறோம்? எனக்குப் புரிந்திருக்க வேண்டும், பாடப்புத்தக மூளை கெடுத்துவிட்டது. இதில் இன்னொரு சிக்கல்: வெளிநாட்டவரிடம் பழகிய இளைஞர்கள் நமக்காக மாற்றி ஆட்டுவார்கள். தலையைப் பார்க்காதீர்கள், வாயைக் கேளுங்கள். 'டா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை.

சிரிலிக் எழுத்தை ஒரு மாலையில் கற்றுக்கொண்டு போங்கள். ஆங்கில 'P' போலிருப்பது 'ர', 'H' போலிருப்பது 'ந', 'C' போலிருப்பது 'ஸ', 'B' போலிருப்பது 'வ'. முதல் நாள் தெருவெல்லாம் 'பெக்டோபாஹ்ட்' என்று பலகை பார்த்து, ஏதோ பெரிய கம்பெனி என்று நினைத்தேன். 'ரெஸ்டோரன்ட்' என்று எழுதியிருந்தது.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா? – ஆர்.எல்.

தயிர் இருக்கும் நாட்டில் என்ன பட்டினி? அவர்கள் தயிரின் நுண்ணுயிரை 1905இல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற மாணவர் கண்டறிந்தார், அதன் பெயரிலேயே பல்கேரியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளரிக்காய், தயிர், பூண்டு, வால்நட் சேர்ந்த 'தராதோர்' என்ற குளிர்ந்த சூப்பை வெயில் காலத்தில் தினமும் குடித்தேன். பாலாடைக்கட்டி துருவிய ஷோப்ஸ்கா சாலட், காலையில் சூடாக பனிட்சா என்ற பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்குப் பலகாரம், மண்சட்டியில் வேகவைத்த பீன்ஸ். 'பெஸ் மெசோ', இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் சிலசமயம் மீன் வந்து நிற்கும். நோன்புச் சாப்பாடு என்று பொருள்படும் 'போஸ்ட்னோ' என்ற சொல்தான் நமக்கு வசதி. ஆனால் அதில் பாலும் முட்டையும்கூடப் போய்விடும், தயிரைத் தனியாகக் கேளுங்கள். 'ஷ்கெம்பே' என்று பலகையில் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள், ஆடு மாடுகளின் இரைப்பைச் சமாச்சாரம்.

வெலின்கிராடை வெட்டச் சொல்கிறீர்களே, பால்கன் பகுதியின் பெரிய ஸ்பா ஊர் அதுதான் என்கிறார்கள்? – வி.என்.

எட்டு நாள்காரர்களுக்குத்தான் வெட்டினேன். உங்களுக்குப் பத்து நாள் இருந்தால் போங்கள், ஆனால் ரயிலில் போங்கள். 760 மில்லிமீட்டர் அகலமே உள்ள குட்டித் தண்டவாளம். சோஃபியா-ப்ளோவ்டிவ் பாதையில் செப்டெம்வ்ரி என்ற நிலையத்தில் இறங்கி மாறினால், ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஒன்றரை மணி நேர அளவில் வெலின்கிராட். அங்கே இறங்க மனம் வராவிட்டால் கடைசி நிலையமான டோப்ரினிஷ்டேவரை போய்க்கொண்டே இருக்கலாம், செப்டெம்வ்ரியிலிருந்து மொத்தம் 125 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். நடுவில் 1267 மீட்டர் உயரத்தில் அவ்ரமோவோ நிலையம். என் பெட்டியில் இருந்த ஒரு தாத்தா, எந்த வளைவில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று முழங்கையால் இடித்தே சொல்லிக்கொண்டு வந்தார்.

வெலின்கிராட் பழைய ஊர் இல்லை. மூன்று கிராமங்களைச் சேர்த்து 1948இல் உண்டாக்கியது. வரலாறு தேடிப் போனால் ஏமாற்றம், வெந்நீர் தேடிப் போனால் திருப்தி. விடுதி விட்டு விடுதி நீச்சல் குளம்தான். அதன் நடுவே கிளெப்டுசா என்ற ஊற்று மட்டும் பிடிவாதமாகப் பனிபோல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டி ஒரு ஏரியை நிரப்புகிறது. காலை வைத்தவுடன் எடுத்துவிட்டேன்.

எந்த மாதம் நல்லது? ரோஜாத் தோட்டங்களைப் பார்க்க முடியுமா? – பி.ஜி.

மே கடைசி, ஜூன் தொடக்கம். கசன்லக் பள்ளத்தாக்கில் பறிப்பு நடக்கும் நேரம், ஜூன் தொடக்கத்தில் அங்கே ரோஜா விழாவும் உண்டு. விழா நாளில் விடுதி கிடைப்பது கஷ்டம். ஹிசாரியாவில் தங்கிக்கொண்டு காலையில் போய் வரலாம், ஆனால் உண்மையிலேயே காலை: வெயில் ஏறினால் எண்ணெய் ஆவியாகும் என்று விடியலிலேயே பறித்து முடிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கு மேல் பூ வேண்டும். கசன்லக் ஊரிலேயே 1944இல் கிடைத்த, அந்தப் பகுதியின் பழங்கால மக்களான திரேசியரின் கல்லறை ஓவியங்களும் இருக்கின்றன. மூலத்தைப் பாதுகாப்புக்காகப் பூட்டி வைத்து, பக்கத்தில் அச்சு அசலாக ஒன்று கட்டிக் காட்டுகிறார்கள். நகல்தானே என்று நான் உள்ளே போகாமல் இருந்தேன், மகன் கேலி செய்தான், இரண்டாவது முறை போனேன்.

ரோஜா எண்ணெயை வர்ணம் பூசிய விரலளவு மரக்குப்பியில் விற்பார்கள். மூடியை இறுக்கித் திருகி, தனிப்பையில் கட்டி எடுத்து வாருங்கள். நான் கட்டவில்லை. அந்த லெவா தாள்கள் இன்றும் மணக்கின்றன.