பில் இல்லாத பருத்தி விதையை வாங்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிப் பருத்தி போடுகிறேன். "களையே எடுக்க வேண்டாம், புது விதை" என்று ஒருவர் பில் இல்லாமல் பாக்கெட் தருகிறார். மரபணு மாற்று விதை போட்டால் கடன் தீரும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: முதலில் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். களையே எடுக்க வேண்டாம் என்றால் அது களைக்கொல்லி தெளித்தாலும் சாகாத மரபணு மாற்றுப் பருத்தியாகத்தான் இருக்கும்; அதற்கு நம் நாட்டில் அனுமதி கிடையாது. விற்பது குற்றம். முளைக்காமல் போனாலும் பில் இல்லாமல் யாரிடம் போய் நிற்பீர்கள்?

அனுமதி உள்ளது பி.டி. பருத்திக்கு, அதாவது காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு சேர்த்த பருத்திக்கு, 2002 முதல். அதனால் ஏழை விவசாயிக்குப் பலன் இருந்ததா என்றால், இருந்தது. தமிழ்நாடு உட்பட நான்கு மாநிலங்களில் 2002 முதல் 2008 வரை ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏக்கர் விளைச்சல் 24 சதவீதமும் லாபம் 50 சதவீதமும் கூடியிருந்தன. வீட்டுச் செலவுக்குக் கையில் புரண்ட பணமும் கூடியது. ஆனால் அது அன்றைய கணக்கு.

பி.டி. விதை தானாக விளைச்சலைக் கூட்டுவதில்லை, புழு தின்னப்போவதைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். பச்சைக் காய்ப்புழுவை இன்றும் ஓரளவு தடுக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்த விதைக்குப் பழகிவிட்டது. 2006-இல் வந்த இரட்டை மரபணு விதையையும் அது 2017-இல் மகாராஷ்டிரத்தில் ஒரு கை பார்த்தது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சி, அசுவினிக்கு இந்த விதை எப்போதுமே மருந்தல்ல. மழை பொய்த்தால் எந்த மரபணுவும் உதவாது.

விதைச் செலவும் பெரிதல்ல. 2025-இல் ஒரு பாக்கெட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 901 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு என்றாலும் 1,802-தான். கடன் ஏறுவது உரம், மருந்து, களையெடுப்பு, பறிப்புக் கூலியில். அதையும் விதை கொடுத்த கடையிலேயே கணக்கு வைத்துவிட்டுப் பஞ்சையும் அங்கேயே போட்டால், விலை உங்கள் கையில் இருக்காது. பி.டி. விதை பெரும்பாலும் ஒட்டுரகம் என்பதால், விளைந்ததிலிருந்து அடுத்த முறைக்கு விதை எடுத்து வைக்கவும் முடியாது. என்னைக் கேட்டால், மூன்றில் ஒரு ஏக்கரிலாவது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 போன்ற, ஒட்டல்லாத குறுகிய கால ரகத்தைப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா என்று வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பி.டி.யே போட்டாலும் பூக்கும்போது வயலுக்குள் நடங்கள். இதழ் விரியாமல் ரோஜா மொட்டுபோல முறுக்கிக்கிடக்கும் பூவைப் பிரித்தால் உள்ளே புழு இருக்கும். காயில் பார்ப்பது கஷ்டம், வெளியே ஓட்டையே தெரியாது. அதனால் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால்தான் மருந்து, அதற்கு முன் வேண்டாம்.

அப்புறம், கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்தி மாரை, அதாவது நிற்கும் செடியை, பிடுங்கி அகற்றிவிடுங்கள். அடுப்புக்கு ஆகும் என்று வரப்பில் அடுக்கினால், அதில் ஒட்டியிருக்கும் காய்களுக்குள் புழு தூங்கிக்கிடந்து அடுத்த விதைப்புக்கு எழுந்து வரும்.