திண்ணையில் படுத்திருக்கும் நண்பருக்கு

இந்த முறை இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் எல்லாமே நண்பருக்காகக் கேட்டவை.

கேள்வி: விசைப்படகில் கூலிக்குப் போகும் நண்பன், அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு நாலு மாதமாக எங்கள் திண்ணையில் படுக்கிறான். வீட்டில் முணுமுணுப்பு. போகச் சொல்லவும் மனசு வரவில்லை. (தங்கச்சிமடம்)

முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. "எவ்வளவு நாள் வேணும்னாலும் இரு" என்றால் அவன் கடைசிவரை விருந்தாளிதான். உட்கார்ந்து ஒரு தேதி பேசுங்கள். பேசும்போது ஏப்ரல் 15-ஐ மறக்காதீர்கள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகும் நிற்கும், பங்கும் நிற்கும். பிப்ரவரியில் அறை எடுத்துக் கொடுத்தால் மே மாதம் திண்ணைக்கே திரும்பி வருவான். குடியால்தான் அறை போனது என்று ஊர் சொல்லும். கணக்கைப் பார்த்தால் பல இடத்தில் அது இந்த இரண்டு மாத வாடகைப் பாக்கிதான். கரைக்கு வந்து காசு வாங்கிய அன்றே கொஞ்சம் அஞ்சலகக் கணக்கில் போடச் சொல்லுங்கள். தடைக்காலத்து வாடகை கையில் சேர்ந்த பிறகு அறை பாருங்கள்.

அப்புறம், சாவி. உதவி செய்த உரிமையில் நான் ஒருமுறை, நண்பர் ஒருவருக்கு எடுத்துக் கொடுத்த அறையின் ஒரு சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் திறந்து, அடுப்பு எரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் பூட்டை மாற்றியிருந்தார். மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: வீடில்லாத நண்பரின் பை தொலைந்துபோய் ஆதார் உட்பட எதுவும் இல்லை. புதிதாக எடுக்கலாமா? (கீழக்கரை)

வேண்டாம். ஒருமுறை பதிந்தவருக்கு இரண்டாவது எண் தர மாட்டார்கள், மனு தள்ளுபடியாகிவிடும். ஆதார் மையத்தில் கைரேகை வைத்தால் பழைய எண்ணையே எடுத்துத் தருவார்கள். வலை இழுத்துத் தேய்ந்த விரல் என்றால் இயந்திரம் மறுக்கும். உடனே திரும்பி வந்துவிடாமல் கருவிழி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் சேர முகவரிச் சான்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். படிவம் 6-இல் படுக்கும் இடத்தை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் வந்து, அங்கேதான் படுக்கிறாரா என்று பார்ப்பார். அந்த நாட்களில் இடம் மாறிப் படுக்காமல் இருக்க வேண்டும்.

கேள்வி: கடற்கரைப் புறம்போக்கில் பனையோலைக் குடிசை போட்டுக் கொடுக்கலாமா? (தொண்டி)

கூடாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கும் என்றாலும் மனை அவர் பெயரில் இருக்க வேண்டும். ஆகவே முதலில் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் அவரே கொடுக்கட்டும், நீங்கள் கூடப் போங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

கேள்வி: ஏர்வாடி தர்கா பக்கம் பள்ளித் தோழனைப் பார்த்தேன். சடை விழுந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டு. என்னைத் தெரியவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்துவிடவா?

இன்றைக்கே வேண்டாம். பயந்து ஓடினால் அடுத்து எங்கே தேடுவீர்கள்? முதலில் டீயும் பன்னும் வாங்கிப் பக்கத்தில் உட்காருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசி ஆலோசனை கேளுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் வேலை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. "நாங்க பாத்துக்கிறோம்" என்று தனியார் யாராவது வந்தால் விசாரிக்காமல் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று இதே ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலி போடுவது இப்போது சட்டப்படி குற்றம்.

மருத்துவர் கேட்கும்போது உங்கள் தோழனுடைய முழுப் பெயர், அப்பா பெயர், சொந்த ஊர் எல்லாம் சொல்லக்கூடியவர் அங்கே நீங்கள் ஒருவர்தான். தாளில் எழுதிக் கொண்டு போங்கள். வகுப்பில் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயரையும் எழுதுங்கள். அதற்குத் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பார்.