மாறுவது மாறியா, கெழுவா?

கேள்வி: காலத்தோடு மாறும் மாறி, காலத்தோடு மாறும் கெழு (ஒரு மாறியின் விளைவு எவ்வளவு என்று சொல்லும் எண்) என்று பாடத்தில் இரண்டைச் சொல்கிறார்கள். இரண்டுக்குமே காக்ஸ் மாடல்தான் (மரணம் போன்ற நிகழ்வின் அபாயத்தை எந்த மாறி எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்று கணக்கிடும் முறை) ஓட்டுகிறோம். அப்புறம் என்ன வேறுபாடு?
– புள்ளியியல் முதுகலை மாணவி

பதில்: நோயாளியிடம் ஏதாவது மாறுகிறதா என்று முதலில் கேளுங்கள். காத்திருந்தவருக்கு 36ஆம் நாள் இதயம் மாற்றினார்கள். அன்றிலிருந்து அவர் வேறு நிலையில் இருக்கிறார். இது மாறும் மாறி. இன்னொருவருக்குச் சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை உடல்திறன் மதிப்பெண் போட்டார்கள், 60. அந்த எண் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் முதல் மாதத்தில் மரண அபாயத்தை அது எவ்வளவு சொல்லியதோ, அவ்வளவை எட்டாம் மாதத்தில் சொல்வதில்லை. இது மாறும் கெழு. முன்னதற்குத் தேதி போட்ட புதிய அளவீடு வேண்டும். பின்னதற்கு அது தேவையே இல்லை.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், மாறும் கெழுவைக் கணக்கிடவும் மாறியைக் காலத்தின் ஒரு சார்பால் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையை ஒரு மாறும் மாறியாகத்தான் மாடலுக்குள் அனுப்புகிறோம். கணக்குப் போடும் வழி ஒன்று, கேட்கும் கேள்வி வேறு.

கேள்வி: அறுவை நடந்ததா இல்லையா என்று 1, 0 போட்டு ஒரு பத்தி சேர்த்தால் போதாதா? எதற்கு ஒரே ஆளை இரண்டு வரியாக வெட்ட வேண்டும்?
– மருத்துவ ஆய்வு உதவியாளர்

பதில்: போதாது. ஆர் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பில் ஸ்டான்ஃபோர்டு இதய மாற்றுத் தரவு இருக்கிறது: 103 பேர், அவர்களில் 69 பேருக்கு மாற்று நடந்தது. இதில் நான்காம் நோயாளி 36 நாள் காத்திருந்து, மாற்று நடந்து, 39ஆம் நாள் இறந்தார். அவருக்கு நேராக வெறும் 1 போட்டால் 39 நாளும் மாற்று இதயத்தின் கணக்கில் ஏறிவிடும். உண்மையில் அதற்குரியது 3 நாள்தான். அந்த 36 நாளுக்குள் இறந்திருந்தால் அவர் மறுபக்கம், 0 கூட்டத்தில் சேர்ந்திருப்பார். அதாவது மாற்றுக் கூட்டத்தில் இருப்பவர் காத்திருப்பில் சாகவே முடியாது. இதைத்தான் ‘சாகா நேரப் பிழை’ என்கிறோம். பயனே இல்லாத சிகிச்சையைக்கூட இந்தப் பிழை நல்லதாகக் காட்டும்.

சரியான வழி: தொடக்கம், முடிவு, மரணம், மாற்று என நான்கு பத்திகள். அவருக்கு முதல் வரி 0, 36, 0, 0. இரண்டாம் வரி 36, 39, 1, 1. முடிவு நாள் அந்த வரியைச் சேர்ந்தது, தொடக்க நாள் சேராது. 103 பேரும் இப்படி 172 வரிகள் ஆவார்கள். கையால் வெட்டாதீர்கள், ‘டிமெர்ஜ்’ கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. ஒரு சிக்கல் வரும்: ஒருவருக்கு 5ஆம் நாளே மாற்று, அன்றே மரணம். தொடக்கமும் முடிவும் ஒன்றானால் வரி செல்லாது. மாற்று முன்னால் நடந்தது என்று எடுத்துக்கொண்டு அதை 4.5 ஆக்குவது வழக்கம்.

கேள்வி: விகிதாசாரச் சோதனையில் (மாறியின் விளைவு காலம் முழுக்க ஒரேபோல் இருக்கிறதா என்று பார்ப்பது) பி மதிப்பு மிகச் சிறியதாக வந்தது, அதாவது ஒரேபோல் இல்லை என்று. அதனால் மாறியை நோயாளியின் கண்காணிப்புக் காலத்தால் பெருக்கி, அதை ஒரு புதிய மாறியாக மாடலில் சேர்த்தேன். அட்டகாசமாக முக்கியத்துவம் காட்டுகிறது. சரிதானே?
– தரவு ஆய்வாளர்

பதில்: தவறு. அட்டகாசமாக வந்ததே தவறின் அறிகுறி. 30ஆம் நாள் ஒருவர் இறக்கும்போது, அன்று உயிரோடிருக்கும் எல்லோரையும் 30ஆம் நாள் மதிப்போடு ஒப்பிட வேண்டும். மதிப்பெண் 60 உள்ளவருக்கு அது 60 × 30 = 1,800. நீங்கள் கொடுத்ததோ அவருடைய கடைசி நாள். அவர் 400 நாள் வாழ்ந்தவர் என்றால் 24,000. நீண்ட நாள் வாழப்போகிறார் என்ற சேதியை முதல் நாளே மாடலின் காதில் ஓதியாகிவிட்டது.

பெருக்கும் முன் சோதனையின் வரைபடத்தைப் பாருங்கள். தரவு பெரிதென்றால் அற்ப விலகலுக்கும் பி மதிப்பு சிறுத்துவிடும். வளைகோடாக இருக்க வேண்டிய மாறியை நேர்கோடாக வைத்தாலும், முக்கியமான ஒரு மாறியை விட்டாலும் இதே அலாரம் அடிக்கும்.

விலகல் உண்மையென்றால் காலத்தைத் துண்டாக்குவதே என் முதல் தேர்வு. படிப்பவருக்கு விளக்க எளிது. அதே தொகுப்பின் ‘வெட்டரன்’ தரவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 137 பேர், 128 மரணங்கள். ‘சர்வ்ஸ்ப்ளிட்’ கட்டளை கொண்டு 90, 180 நாள்களில் வெட்டி, கர்னோஃப்ஸ்கி என்ற உடல்திறன் மதிப்பெண்ணுக்குத் துண்டுக்கொரு கெழு கொடுத்தால், முதல் 90 நாளில் ஒரு புள்ளிக்கு அபாய விகிதம் சுமார் 0.952. பத்துப் புள்ளி கூடுதலென்றால் அபாயம் ஏறத்தாழ 39 சதவீதம் குறைவு. அடுத்த இரண்டு துண்டுகளில் சுமார் 1.008, 0.992. இரண்டும் 1ஐ ஒட்டியே இருக்கின்றன, அதாவது விளைவு ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு முன் எடுத்த மதிப்பெண் ஆறிப்போன காபிதான். வெட்டிய பிறகு மாடலில் தொடக்க நேரத்தைக் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் ஒவ்வொரு துண்டும் 0ஆம் நாளிலிருந்து எண்ணப்படும், ஒரே ஆள் ஒரே நாளில் மூன்று பேராக நிற்பார்.

வழுவழுப்பான கோடுதான் வேண்டுமென்றால் ‘டிடி’ சார்பு இருக்கிறது. ஒவ்வொரு மரண நாளிலும் மதிப்பை அதுவே புதிதாகப் போடும். அதில் நாளுக்கு வெறும் மடக்கை (லாக்) எடுத்தால் முதல் சில நாள் மரணங்கள் கெழுவை இழுத்துவிடும். நாளோடு 20 கூட்டி மடக்கை எடுங்கள், அடங்கும்.

கேள்வி: ஒரே ஆள் பல வரியில் வருகிறாரே, கொத்துத் திருத்தம் (ஒரே ஆளின் வரிகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்காகப் பிழை அளவைச் சரிசெய்வது) வேண்டாமா?
– அதே வாசகர்

பதில்: ஒருவருக்கு ஒரு மரணம்தான், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்றால் வேண்டாம். எந்த நாளிலும் அவர் ஒரு வரியாகத்தான் நிற்கிறார். மீண்டும் மீண்டும் நேரும் நிகழ்வென்றால், உதாரணமாக மருத்துவமனைச் சேர்க்கை, கட்டாயம் வேண்டும்.