அக்காவுக்காக எடுத்த சீட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

டாரோ என்னும் குறி பார்க்கும் படச் சீட்டுகள் பற்றி நீங்கள் எழுதிவருவதைப் படித்துவிட்டு ரைடர் வெய்ட் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கினேன். எல்லோரும் காதலுக்கும் கல்யாணத்துக்கும் சீட்டு எடுக்கிறார்கள். என் பிரச்சினை அக்காவோடு. அம்மா பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறாள். அக்கா புனேயில் இருந்துகொண்டு மாதம் 15,000 ரூபாய் அனுப்புகிறாள். ஆறு மாதமாக எங்களுக்குள் பேச்சு என்றால் அந்தப் பணத்தைப் பற்றி மட்டும்தான். "அக்கா என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள்?" என்று கேட்டு மூன்று சீட்டு எடுத்தேன். காசு ஆறு, வாள் இரண்டு, டெவில் (சாத்தான்) என்ற சீட்டுகள் வந்தன. அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் திரும்ப எடுத்தால் வேறு மூன்று. இரண்டு வாரத்தில் 9 முறை எடுத்துவிட்டேன். எதை நம்புவது? ஓர் உறவைப் புரிந்துகொள்ள இந்தச் சீட்டுகளை எப்படித்தான் பயன்படுத்துவது?

பெயர் வேண்டாம்,
ஈரோடு

அன்புள்ள தோழிக்கு,

சீட்டைக் கலைத்தது உங்கள் கை, படத்துக்குப் பொருள் சொன்னது உங்கள் மனம். அக்கா அந்த அறையிலேயே இல்லை. ஆகவே அவருக்காக எடுக்கும் சீட்டில் அவர் மனம் தெரிய வழியில்லை. உங்கள் மனதில் அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் அதில் தெரியும். இதைக் கேட்டு ஏமாற்றமடைய வேண்டாம். ஆறு மாதமாக நீங்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது மனதில் இருக்கும் அந்த அக்காவோடுதான். அவரை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துப் பார்க்க முடிந்தால் அது பெரிய உதவி.

முதலில் கேள்வியை மாற்றுங்கள். "நினைக்கிறாளா, மன்னிப்பாளா, வருவாளா" என்பதெல்லாம் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிற வகைக் கேள்வி. அங்கே வெள்ளைப் பூவா சிவப்புப் பூவா என்று ஒரே பதில் வரும். டாரோவில் வருவது படம். ஆமாம், இல்லை என்று அது சொல்லாது என்பதால் மனம் திருப்தியடையாமல் மறுபடி எடுக்கச் சொல்லும். 78 சீட்டில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் இருக்கின்றன. ஒன்பது முறையும் வேறு வேறு சீட்டு வந்ததில் வியப்பே இல்லை. "எங்கள் இருவருக்கும் நடுவில் நடப்பதில் நான் பார்க்காமல் விட்டது எது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்தச் சீட்டு வந்தாலும் வேலை நடக்கும்.

டெவிலைப் பற்றிய பயத்தையும் இறக்கி வைத்துவிடலாம். இந்தச் சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஓர் ஆட்டத்துக்காகப் பிறந்தவை. எகிப்தின் ரகசிய ஞானம் என்ற கதையை கூர் த ஜெபலான் என்ற பிரெஞ்சுக்காரர் கிளப்பியது 1781இல். உங்கள் கையில் இருக்கும் கட்டு 1909இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டார், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். அதற்கு முந்தைய மார்செய் வகைக் கட்டில் கோப்பை ஐந்து என்றால் வெறுமனே ஐந்து கோப்பைகள்தான் இருக்கும். பமேலா அந்த எண் சீட்டுகளிலும் காட்சிகளை வரைந்தார். பலவற்றில் இரண்டு மூன்று ஆட்கள் இருக்கிறார்கள். யார் நிற்கிறார்கள், யார் மண்டியிட்டிருக்கிறார்கள், யார் முகம் திருப்பியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். உறவைப் பேச இந்தக் கட்டு இவ்வளவு வசதியாக இருப்பதற்குக் காரணம் அவருடைய கைதான்.

உங்களுக்கு முதல் தடவை வந்த மூன்றையே பார்ப்போம். காசு ஆறில் ஒருவர் நின்றுகொண்டு ஒரு கையில் தராசும் மறு கையில் காசுமாகக் கொடுக்கிறார். கீழே இரண்டு பேர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஒருவர் கையில் காசு விழுகிறது, மற்றவருக்கு இன்னும் விழவில்லை. இதைப் பார்த்ததும் அக்காவை நிற்கும் இடத்திலும் உங்களைக் கீழேயும் வைத்திருப்பீர்கள். இப்போது மாற்றி வையுங்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பேறு உங்களிடம் இருக்கிறது. தூரத்தில் கையேந்தி நிற்பவர் அக்காவாகவும் இருக்கலாம். இந்த ஒரு சீட்டில் கால் மணி நேரம் தாராளமாக உட்காரலாம்.

வாள் இரண்டில் கண்ணைக் கட்டிக்கொண்ட பெண் இரண்டு வாள்களை மார்பின் குறுக்கே பிடித்திருக்கிறாள். அவளைத் தாக்க அங்கே யாருமில்லை. எவ்வளவு நேரம் கை வலிக்காமல் பிடிக்க முடியும் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

டெவில் 15ஆம் எண். அதன் பக்கத்தில் 6ஆம் எண்ணான லவ்வர்ஸை வையுங்கள். ஒரே அமைப்பு: கீழே ஓர் ஆண், ஒரு பெண், மேலே சிறகுள்ள உருவம். ஒன்றையும் ஐந்தையும் கூட்டினால் ஆறு என்பதையும் வாசிப்பவர்கள் சொல்வார்கள். டெவிலில் அந்த இருவர் கழுத்திலும் சங்கிலி இருக்கிறது, ஆனால் தலைவழியாகக் கழற்றிவிடும் அளவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இது ஓர் ஆளின் படம் கிடையாது. இருவரும் ஒரே கட்டையில் பிணைந்து நிற்கும் நிலையின் படம். உங்கள் இருவரையும் பிணைத்திருக்கும் கட்டை, மாதாந்தரக் கணக்காக இருக்குமோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் வேறு பெயர் சொல்லக்கூடும், அதுதான் சரியாகவும் இருக்கும்.

இனி செய்முறை. முக்கால் மணி நேரம், ஒரு நோட்டு, பேனா. போனை வேறு அறையில் வையுங்கள். கேள்வியை முதலில் எழுதிவிட்டுக் கலைக்கவும். தலைகீழ் சீட்டுகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அவை வந்தால் நேராகத் திருப்பிக்கொள்ளலாம். நேர்ப் பொருளே கைவராதபோது தலைகீழ்ப் பொருள் குழப்பத்தைத்தான் கூட்டும். ஐந்து சீட்டு எடுங்கள். இடப்பக்கம் முதல் சீட்டு: இந்த உறவுக்கு நான் கொண்டுவருவது. வலப்பக்கம் இரண்டாவது: அக்கா கொண்டுவருவதாக எனக்குத் தெரிவது. இந்த "எனக்குத் தெரிவது" என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது: எங்களுக்குள் பழகிப்போனது. அதன் கீழே நான்காவது: பழைய வேர். மேலே ஐந்தாவது: நான் செய்யக்கூடிய ஒரு காரியம்.

கையேட்டைத் திறக்காதீர்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் கண்ணில் படுவதை மட்டும் மூன்று வாக்கியம் எழுதுங்கள். கோப்பை ஐந்து வந்தால், "கறுப்புப் போர்வை போர்த்தியவர். மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கிறது." இப்படி. "துக்கம்" என்று எழுதிவிட்டால் அந்த இரண்டு கோப்பைகளைப் பார்க்காமலே போய்விடுவீர்கள். பெரும்பாலான வாசிப்பு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிறகு முதல் சீட்டில் இருப்பவர் இரண்டாவதைப் பார்க்கிறாரா, முதுகைக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள். கையேடு அதற்கப்புறம் போதும்.

வகைகளையும் எண்ணலாம்: கோப்பை உணர்ச்சிக்கு, வாள் பேச்சுக்கும் எண்ணத்துக்கும், காசு பணத்துக்கும் உடம்புக்கும், கோல் முனைப்புக்கு. ஆனால் அளவு தெரிந்து எண்ண வேண்டும். கோப்பையே வரவில்லை, அன்பே இல்லை என்று அழுபவர்கள் உண்டு. ஐந்து சீட்டு எடுக்கும்போது ஒரு கோப்பைகூட வராமல் போக நூற்றுக்கு 36 வாய்ப்பு இருக்கிறது. இந்த நான்கு வகையிலும் சேராத, டெவில், லவ்வர்ஸ் போன்ற தனிப்பெயர்ச் சீட்டுகளுக்கு மேஜர் அர்கானா என்று பெயர். அவை 22, ஐந்தில் சராசரியாக ஒன்றோ இரண்டோ வரும்.

ஒவ்வொரு வகையிலும் உள்ள ஆள் சீட்டுகளான பேஜ், நைட், குயின், கிங் வந்தால் இது யார் என்று சொந்தத்தில் ஆள் தேடாதீர்கள். பேஜ் கற்றுக்கொள்பவர், நைட் அவசரக்காரர், குயின் உள்ளே வைத்துக் காப்பவர், கிங் முடிவெடுப்பவர். அக்காவோடு பேசும்போது நீங்கள் இதில் எதுவாக ஆகிவிடுகிறீர்கள்? நாற்பது வயதிலும் அக்காவின் முன் பேஜாகிவிடும் தங்கைகள் நிறைய பேர்.

எல்லாம் எழுதிய பிறகு முதல் சீட்டையும் இரண்டாவதையும் கையால் இடம் மாற்றி வைத்து மறுபடி வாசியுங்கள். அக்காவுக்கு வந்தது உங்களுக்கானது என்றால்? பத்து நிமிடம் போதும். இந்த விரிப்பில் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள் என்பேன். தெளிவுக்காக என்று ஆறாவது சீட்டு எடுக்க வேண்டாம். பிடித்த சீட்டு வரும்வரை கை நிற்காது.

குலுக்கி எடுப்பதே பயமாக இருந்தால் 78ஐயும் முகம் தெரிய விரித்துவிட்டு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஒன்று உங்களுக்கு. ஒன்று, அக்கா தனக்கென்று எதை எடுப்பாள் என்று நினைத்து. அவர் சம்மதித்தால் படங்களைப் போனில் அனுப்பி அவருக்கானதை அவரையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரே விதி: அவர் சீட்டுக்கு அவர்தான் பொருள் சொல்ல வேண்டும், உங்களுடையதற்கு நீங்கள். "உனக்கு டெவில் வந்தது" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடியும் மிரட்டலும் இருக்கும் உறவில் சீட்டு எடுத்து ஆராய எதுவுமில்லை. 181 பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

உங்களுக்கு ஐந்தாவது சீட்டில் என்ன வந்தாலும் அதை ஒரு போன் பேச்சாக மாற்றிக்கொள்ளுங்கள். பணப் பேச்சை எடுப்பதற்கு முன்னால் அம்மா அன்று காலை என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று சொல்லுங்கள். அப்புறம் அக்காவின் பதிலைக் கேட்டு அதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்குச் சீட்டுக்கட்டை வெளியே எடுக்க வேண்டாம்.