மலைக் கவுன்டிக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் போகஹான்டஸ் கவுன்டியில் (நம் மாவட்டம் மாதிரி) மூன்று வருட ஜே-1 டாக்டர் வேலை, அதாவது பயிற்சி விசாவில் வந்த டாக்டர்கள் டாக்டர் குறைவான ஊரில் செய்யும் வேலை, கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். செல்போனே எடுக்காத ஊராமே, மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இருக்க முடியுமா, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை என்பதால், தார் ரோடு முடிந்து மண் ரோடு தொடங்கும் இடங்கள்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தாராளமாக வாருங்கள். ஆனால் ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு வாருங்கள்.

என் சொந்த ஊர் கோத்தகிரி. பரப்பளவில் நீலகிரி மாவட்டமும் இந்தக் கவுன்டியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், இது 2,440 சதுர கிலோமீட்டர். நீலகிரியில் 2011 கணக்கெடுப்பில் ஏழு லட்சத்துக்கு மேல் ஜனம். இங்கே 2020 கணக்கெடுப்பில் 7,869 பேர். அவ்வளவுதான். மற்றதெல்லாம் காடும் மலையும் மேய்ச்சல் நிலமும். வந்த புதிதில் மாலை நாலரை மணிக்கே மலை வெயிலை மறைத்துவிடும்போது மனசு என்னவோ செய்தது. அதை மறைக்க மாட்டேன். முதல் குளிர்காலம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ளத் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எட்டு ஆறுகள் இங்கே பிறக்கின்றன: கிரீன்பிரையர், காலி, எல்க், செர்ரி, கிரான்பெரி, வில்லியம்ஸ், டைகார்ட் வேலி, ஷேவர்ஸ் ஃபோர்க். எட்டும் கடைசியில் ஒஹாயோ நதிக்குத்தான் போகின்றன, அங்கிருந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு. கிழக்கு எல்லை மலைக்கு அந்தப் பக்கம், வர்ஜீனியாவில் விழும் மழை அட்லாண்டிக்குக்குப் போய்விடுகிறது. ஒரே மேகத்தின் மழை இரண்டு கடலுக்குப் பிரியும் இடம் இது. இரண்டு மலைக்கு நடுவே ஓடை இறங்கும் இடுக்கை இங்குள்ளவர்கள் 'ஹாலர்' என்பார்கள். ஒரு ஹாலரில் நாலு வீடு இருந்தால் நாலும் சொந்தக்காரர் வீடாக இருக்கும். உங்களிடம் வரும் நோயாளி விலாசத்துக்குப் பதில் ஹாலரின் பெயரைத்தான் சொல்வார். அந்தப் பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள்.

கவுன்டியின் தலைமையூர் மார்லின்டன். ஊருக்கு அந்தப் பெயர் வந்த கதையை முதல் வாரத்திலேயே யாராவது உங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். 1749இல் ஜேக்கப் மார்லின், ஸ்டீபன் சீவல் என்று இரண்டு பேர் ஆற்றங்கரையில் குடிசை போட்டார்கள். மத விஷயத்தில் பேச்சு முற்றியது. சீவல் கோபித்துக்கொண்டு வெளியேறி, பக்கத்திலேயே பொந்து விழுந்த ஒரு பெரிய சிக்கமோர் மரத்துக்குள் குடியேறினார். 1751இல் அந்தப் பக்கம் நில அளவைக்கு வந்த ஆண்ட்ரூ லூயிஸ் பார்த்தபோது, குடிசையில் ஒருவர், மரத்தில் ஒருவர்! ஆனால் இருவரும் தினமும் காலையில் வெளியே வந்து ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டார்களாம். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இந்த ஜனங்கள் இன்றும் அப்படித்தான். 1863 ஜூனில் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமானது. அதே வருடம் நவம்பர் 6ஆம் தேதி, தெற்கே டிரூப் மலையில் உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்தது. இந்த மலைகளிலிருந்தே வட மாநிலப் படை, தென் மாநிலப் படை இரண்டுக்கும் ஆட்கள் போனார்கள். அந்த இரண்டு தரப்பின் வாரிசுகளும் இன்று ஒரே சர்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறார்கள். கருத்து ஒத்துப்போகாவிட்டாலும் பனியில் உங்கள் கார் சிக்கினால் டிராக்டரோடு வந்து நிற்பார்கள்.

உங்களை முதலில் பார்க்கும் பெரியவர் எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் ஜனங்கள் யார் என்று கேட்பார். நம் ஊரில் 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பது போலத்தான். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா என்ன செய்தார், தாத்தா என்ன பயிரிட்டார் என்று சொல்லுங்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி நான் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் எனக்குக் காபி கிடைத்தது.

காட்டைப் பார்த்துப் பழைய காடு என்று நினைத்துவிடாதீர்கள். 1901 வாக்கில் ஒரு காகிதக் கம்பெனி காஸ் என்ற ஊரை உண்டாக்கி, உச்சி வரைக்கும் ரயில் போட்டு, சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களை வெட்டி இறக்கியது. இன்று நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதன்பின் முளைத்து வந்த காடு. 1960இல் அறுவை ஆலை மூடப்பட்டது. 1963 முதல் அதே ரயில் சுற்றுலா ரயிலாக ஓடுகிறது. நம் மேட்டுப்பாளையம் ரயில், தண்டவாளத்துக்கு நடுவே உள்ள பல்லைப் பிடித்து ஏறும். இங்கே ஓடும் ஷே என்ற நீராவி எஞ்சினில் எல்லாச் சக்கரத்துக்கும் பற்சக்கரம் வழியாகச் சக்தி போகும், அதனால் வெறும் தண்டவாளத்திலேயே ஏறிவிடும். மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள்.

சரி, செல்போன். இந்தக் கவுன்டியிலேயே உள்ள கிரீன் பேங்க் என்ற ஊரில் 100 மீட்டர் அகலமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. எந்தத் திசைக்கும் முழுதாகத் திருப்பக்கூடியவற்றில் உலகிலேயே பெரியது. வானத்திலிருந்து வரும் மிக மெல்லிய அலைகளை இங்குள்ள தொலைநோக்கிகள் கேட்க வேண்டும் என்பதற்காக, இது வருவதற்கு முன்பே, 1958இல் சுற்றி 13,000 சதுர மைலை ரேடியோ அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். அதனால்தான் செல்போன் எடுப்பதில்லை. தொலைநோக்கிக்குக் கிட்டே டீசல் வண்டிகள்தான் போகலாம், பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் கூட இரைச்சல் எழுப்பும். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் படுத்திருக்கும் 530 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இங்கேயும் ஒன்று இருந்தது பெரிய ஆறுதல். வீட்டில் கேபிள் இணையமும் லேண்ட்லைனும் வைத்துக்கொள்ளலாம், ஊருக்குப் பேசத் தடையில்லை. காரில் காகித வரைபடம், கம்பளி, பாதிக்குக் குறையாத பெட்ரோல் எப்போதும் இருக்கட்டும்.

நவம்பர் கடைசியில் மான் வேட்டை வாரம். அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, உங்கள் கிளினிக்கும் காலியாக இருக்கும். நடக்கப் போனால் ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டுப் பக்கம் போகாதீர்கள்.

வீடு பார்க்கும்போது ஒன்று சொல்கிறேன். மார்லின்டன் வழியாக ஓடும் கிரீன்பிரையர் ஆற்றுக்கு அணை கிடையாது. மார்லின்டனில் நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா வீட்டில், சமையலறைக் கதவுச் சட்டத்தில் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார்கள். அதே சட்டத்தில், என் இடுப்புக்கு மேலே, 1985 நவம்பர், 1996 ஜனவரி என்று இன்னும் இரண்டு கோடுகள். வெள்ளம் ஏறிய அளவு. நடைப் பயிற்சிக்கு அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்து நிற்பார். ஆகவே ஆற்றோரத்தில் அழகான வீடு மலிவாகக் கிடைத்தால், தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

உளுந்து, புளி வாங்க ரோனோக் போக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போவதென்றால் ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். ஏப்ரலில் காட்டில் ராம்ப்ஸ் முளைக்கும், வெங்காயமும் பூண்டும் சேர்ந்த வாசனையுள்ள கீரை. இங்கே அதை உருளைக்கிழங்கோடு பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். நான் காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு வறுத்துச் சேர்த்துத் துவையல் அரைப்பேன். முடிந்தால் ஏப்ரலில் ஒரு தடவை குடும்பத்தோடு வந்து பாருங்கள். எங்கள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்னாடியே போன் செய்துவிடுங்கள், கடைசி மலை ஏறின பிறகு உங்கள் போன் எடுக்காது.